பப்பாளிக்குத் தெரிந்தது

ஐந்தாவது வாரமாக மழை இல்லை.
சாலைக்கு அந்தப் பக்கம் செம்பனை ஓலைகள்
நுனி கருகித் தொங்குகின்றன.
எங்கள் தாமானுக்குத் தண்ணீர்
இரவு இரண்டு மணிக்குத்தான்:
முதலில் குழாய்க்குள் ஒரு கனைப்பு,
பிறகு தேநீர் நிறத்தில் கொஞ்சம்,
அப்புறம்தான்
தண்ணீர் என்று சொல்லக்கூடியது.

கையுறைத் தொழிற்சாலையில்
இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து
குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்காருவேன்,
நீலத் தோங் இரண்டும் நிரம்பும் வரை.

அரிசி கழுவிய நீர் கத்தரிக்கு.
மீன் கழுவியது எலுமிச்சைக்கு
(பூனைகள் வரும், வரட்டும்).
துணி அலசிய கடைசித் தண்ணீர் கழிவறைக்கு.
ஏர்கான் ஒழுகலுக்கு ஒரு பெயிண்ட் டின்.
இரவெல்லாம் ணங், ணங்.
காலையில் முக்கால் டின்.
அதில் ஒரு குவளை எடுத்துத்தான்
தனபாலன் மோட்டார் சைக்கிளைத் துடைக்கிறார்,
பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல.
போன வருஷம் ஹோஸைத் திறந்துவிட்டு
போனில் அரைமணி நேரம் பந்தாட்டம் பேசிய
அதே மனிதர்.

ஷர்மிதாவுக்குக் குளிக்கப் பதினோரு கோப்பை.
கதவுக்கு வெளியே நின்று எண்ணுவேன்.
பன்னிரண்டாவது விழுந்தால்
இருமுவேன்.

முற்றத்தில் எல்லாம் சோர்ந்துவிட்டது.
பாண்டான் சுருண்டது.
செம்பருத்தி மொட்டுகளை மொட்டாகவே கொட்டியது.
பப்பாளி மட்டும்,
யாரும் நடாத பப்பாளி,
மீட்டருக்கும் வேலிக்கும் நடுவே
ஒரு சொட்டும் நாங்கள் ஊற்றாமலே
ஒன்பது காய்களைச் சுமந்து
பச்சைக் குடையாக நின்றது.

“அதைப் பார்த்துக் கத்துக்குங்க” என்றேன் வீட்டாரிடம்.
“உங்க கைராசி” என்றார்
பக்கத்து வீட்டு நீலாவதி அக்கா.
காக் ரொஹானி கெராபு செய்ய
ஒரு காய் கேட்டு வாங்கிப் போனார்.
எனக்கும் கொஞ்சம் பெருமைதான்,
பொய் சொல்வானேன்.

பில் வந்தது.
போன மாதத்தைவிடப் பதினெட்டு ரிங்கிட் கூட.
தனபாலன் மகளைப் பார்த்தார்.
மகள் மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள்.
பிறகு இருவரும்
நீலத் தோங்குகளின் சொந்தக்காரியைப் பார்த்தார்கள்.

அன்று இரவு தோங்குகள் நிரம்பியதும்
எல்லாக் குழாயையும் இறுக்கி மூடினேன்.
வெளியே போய்
மீட்டர் கண்ணாடியில் போன் வெளிச்சம் அடித்தேன்.
சின்னச் சிவப்புச் சக்கரம்
சுற்றிக்கொண்டிருந்தது,
அவசரம் இல்லாமல்,
மாதச் சம்பளக்காரனைப் போல.

பப்பாளியடியில் குந்தி
மண்ணில் காதை வைத்தேன்.
வாணலியில் எண்ணெய் காய ஆரம்பிக்கும்போது வருமே,
அந்தச் சத்தம்.

சனிக்கிழமை ஹாசிம் கடப்பாரையோடு வந்தார்.
ஒரு முழத்துக்குக் கீழே,
வீடு கட்டிய காலத்து இரும்புக் குழாய்.
அரிசி நீளத்துக்கு ஒரு வெடிப்பு.
அதைச் சுற்றி வெள்ளை வேர்கள்
கை குவித்துக் குடித்துக்கொண்டிருந்தன.
“பாண்டாய் இந்த மரம்” என்று
பாதித் தமிழில் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
சோப்பு நுரையோடு ஒரு பிள்ளையை
நிறுத்தி வைத்த இருமல்கள்
ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தன.
பெயிண்ட் டின்னில் ணங், ணங் என்று
நான் சேர்த்த இரவுகளில் எல்லாம்
என் காலடியிலேயே
ஒரு குடும்பத்துக்கான தண்ணீர்
சத்தமில்லாமல் பரிமாறப்பட்டிருக்கிறது.

புதுக் குழாய் போட்டாயிற்று.
சிவப்புச் சக்கரம் நின்றது.
செவ்வாய்க்கிழமை
பப்பாளியின் அடி இலை மஞ்சளானது.
வியாழன் இன்னும் இரண்டு.
அதற்கு எங்கள் வீட்டுச் சட்டம் தெரியாது,
யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது அரிசித் தண்ணீரில் பாதி கத்தரிக்கு,
பாதி அதற்கு.
ஊற்றும்போது கொஞ்சம் முறைத்துக்கொள்வேன்.

குளியலறையில் தண்ணீர் விழுகிறது.
பதினொன்று.
பன்னிரண்டு.
நான் பேசாமல் வெங்காயம் உரிக்கிறேன்.
பதிமூன்று.
இருமினேன்.